யீவூ மலைத் தேயிலை: ஷெங் பூஅர் வாங்குவதும் சுவைப்பதும்

ஷெங் பூஅர் என்ற சீனத் தேயிலையை வாங்கலாம் என்று ஓர் இணையக் கடைக்குள் நுழைந்தால் ஊர்ப் பெயர்கள்தான் முதலில் வந்து மோதும். லாவ்பான்ஜாங், பிங்டாவ், ஜிங்மாய், மாஹெய், குவாஃபெங்ஜாய், போஹேதாங். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும். படத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, வெள்ளைத் தாள் சுற்றிய தட்டையான வட்டு. புதிதாக வருகிறவர் மிரண்டுபோவதில் ஆச்சரியமில்லை. எல்லா மலைகளையும் ஒரே மூச்சில் தெரிந்துகொள்ளப் பார்க்காமல், ஒரு மலையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. நான் சொல்வது யீவூ. ஏன் என்று சொல்வதற்கு முன் பூஅர் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம்.

பூஅர் சீனாவின் யுன்னான் மாகாணத்துத் தேயிலை. 2008-இல் வந்த சீனத் தேசியத் தரவிதி இதற்கு எல்லை போட்டிருக்கிறது. யுன்னானின் பெரிய இலைத் தேயிலை மரத்திலிருந்து பறித்து வெயிலில் காயவைத்த இலையாக இருக்க வேண்டும். அந்த மாகாணத்தில் வரையறுத்த பகுதிகளுக்குள் விளைந்திருக்க வேண்டும். இந்தப் பெரிய இலை இனம் நமக்கு அந்நியமில்லை. தாவரவியலில் அதற்கு 'அஸ்ஸாமிகா' வகை என்றுதான் பெயர். நம் டீக்கடைத் தூளில் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து இலைதான். அப்புறம் எதனால் இவ்வளவு வேறுபாடு என்றால், பதப்படுத்தும் விதத்தால்.

பறித்த இலையைக் கொஞ்ச நேரம் வாடவிடுவார்கள். பிறகு பெரிய இரும்புச் சட்டியில் போட்டுக் கையால் புரட்டிப் புரட்டி வறுப்பார்கள். இலைக்குள் இருக்கும் நொதிகளை அடக்கத்தான் இந்தச் சூடு. கிரீன் டீக்குச் செய்வதுபோல முழுக்க அடக்கிவிட மாட்டார்கள், கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். பின்னால் வருடக்கணக்கில் இலை மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வறுத்ததைக் கையால் உருட்டி வெயிலில் காயவைத்தால் கிடைப்பது மாவ்சா, அதாவது உதிரி இலை. அதை நீராவியில் இளக்கி, துணிப்பையில் கட்டி, கனமான கல்லுக்கு அடியில் அழுத்தினால் வட்டு. ஒரு வட்டு வழக்கமாக 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கில் மடலில் சுற்றிக் கட்டினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ வரும்.

இப்படி அழுத்தியபின் எதுவும் செய்யாமல் காலத்தின் கையில் விட்டுவிடுவது ஷெங். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்று, இலையை ஈரப்படுத்திக் குவித்துச் சில வாரங்களில் புளிக்கவைக்கும் முறையை 1970-களில் யுன்னான் ஆலைகள் உருவாக்கின. அது ஷோ. கறுப்பாக, மண்வாசனையோடு, வழவழப்பாக இருக்கும். கடையில் வெறுமனே 'பூஅர்' என்று எழுதியிருந்தால் அநேகமாக ஷோதான். அதுவும் நல்ல பானமே, ஆனால் அதைக் குடித்துவிட்டு ஷெங் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. சுவையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

யீவூ எங்கே இருக்கிறது

லான்சாங் ஆறு யுன்னானின் தென்கோடியைக் கிழக்கு மேற்காகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. எல்லை தாண்டிய பிறகு அதற்கு மீகாங் என்று பெயர். ஆற்றுக்கு மேற்கே மெங்ஹாய் வட்டாரம். புலாங் மலையும் லாவ்பான்ஜாங் கிராமமும் அங்கே. கிழக்கே இருப்பவை பழைய 'ஆறு பெரிய தேயிலை மலைகள்'. யீவூ, யீபாங், கெதெங், மாங்ஜி, மான்ஜுவான், யோலே. இவற்றில் யீவூ மெங்லா வட்டாரத்தில், லாவோஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது.

1729-இல் சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு பூஅர் என்ற நிர்வாகப் பகுதியை உருவாக்கி இந்த மலைகளைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. பீக்கிங் அரண்மனைக்குக் காணிக்கையாகத் தேயிலை போனது. ஷிபிங் என்ற ஊரிலிருந்து ஹான் இனக் குடும்பங்கள் மலையேறி வந்து யீவூவில் தேயிலைக் கடைகள் வைத்தன. தோங்சிங், சோங்பின் போன்ற கடைகளின் வட்டுகள் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹாங்காங்வரை போயின. அவற்றில் மிஞ்சியவை இன்று ஏலத்தில் நகை விலைக்கு விற்கின்றன. போர் வந்தது, அதன்பின் வியாபாரம் அரசின் கைக்குப் போனது, கடைகள் மூடிவிட்டன. யீவூவின் பெயரே பல பத்தாண்டுகள் வெளியே கேட்கவில்லை. 1990-களின் நடுவில், இந்தப் பழைய வட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டு தைவான்காரர்கள் சிலர் மலையேறினார்கள். கல் வைத்து வட்டு அழுத்தும் வேலை அங்கே மறுபடி சூடுபிடித்தது அவர்களால்தான். பிறகு விலை ஏறியது. 2007-இல் பூஅர் சந்தை மொத்தமும் ஊதிப் பெருத்து உடைந்தது. கொஞ்ச காலம் கழித்து மீண்டும் ஏற ஆரம்பித்தது.

யீவூ என்பது ஒரே தோட்டமில்லை. மாஹெய், லுவோஷுய்தோங், காவ்ஷான், தோங்சிங்ஹே, யீஷான்மோ, குவாஃபெங்ஜாய் என்று கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஹான், யீ, யாவ், தாய் என்று குடிகளும் பல. குவாஃபெங்ஜாய் ஒரு யாவ் கிராமம். அதன் பேர்போன தேயிலைக் காடுகள் ஊருக்குள் இல்லை, எல்லைப் பக்கத்துக் காட்டுக்குள் வெகுதூரம் போக வேண்டும். பறித்த இலை சட்டிக்கு வந்து சேருவதற்குள்ளேயே நன்றாக வாடிவிடும். அதன் விளைவை இலையில் பார்க்கலாம், பின்னால் சொல்கிறேன்.

ஏன் யீவூ

சீனத் தேயிலைக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: பான்ஜாங் ராஜா, யீவூ ராணி. மெங்ஹாய்ப் பக்கத்து பான்ஜாங் தேநீர் வாய்க்குள் போனதும் கசப்போடு பிடரியில் தட்டும். யீவூ அப்படிச் செய்யாது. தேன் மணம், கொஞ்சம் பூ மணம், நாக்கில் மெத்தென்று உட்காரும் தேநீர். முதல் முறையாக ஷெங் குடிக்கிற பலர் புலாங் மலைப் பக்கத்து இளம் தேயிலையில் ஆரம்பித்துவிட்டு, 'இதை எப்படிக் குடிக்கிறார்கள்' என்று பாதி வட்டை அலமாரியில் போட்டுவிடுவார்கள். யீவூ அப்படி விரட்டாது. அதனால்தான் இதைச் சொன்னேன்.

ஆனால் அந்த ராணிப் பட்டம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மென்மை என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வெறும் சப்பென்ற தேநீரையும் 'இது யீவூ, அப்படித்தான் இருக்கும்' என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் நிறைய. விற்கிறவர்களுக்கும் அது வசதி. நல்ல யீவூவின் பலம் தாமதமாகத்தான் வரும், ஆனால் கட்டாயம் வரும். ஒரே இலையில் வெந்நீரைப் பல முறை ஊற்றி வடித்துக் குடிப்பார்கள்; அதில் மூன்றாவது, நான்காவது ஊற்றலில் வாய் நிறைய ஏதோ இருப்பதுபோல் இருக்க வேண்டும். விழுங்கியபின் தொண்டையில் தங்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தத் தேநீர் மென்மையானதல்ல, வலுவில்லாதது.

சுவைக்கும்போது எதைக் கவனிப்பது

முதலில் கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கசப்பு நாக்கின் சுவை. துவர்ப்பு வாயின் உணர்வு. கன்னத்தின் உட்பக்கம் இறுகும், நாக்கு சொரசொரக்கும். வாழைப்பூவும் பாக்கும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, கவனம் வைத்தால் போதும். இரண்டும் இருப்பது குறையில்லை. எவ்வளவு சீக்கிரம் கரைகின்றன என்பதுதான் கணக்கு. விழுங்கிச் சில விநாடிகளில் கசப்பு போய், துவர்ப்பு இளகி எச்சில் ஊறினால் நல்ல இலை. ஐந்து நிமிடம் கழித்தும் நாக்கில் ஒட்டடை படிந்ததுபோல இருந்தால் அது நெருக்கி நட்ட தோட்டத் தேயிலையின் முரட்டுத்தனமாக இருக்கலாம், பதப்படுத்தலில் வந்த கோளாறாகவும் இருக்கலாம்.

கசப்பு போன இடத்தில் மெல்ல ஓர் இனிப்பு ஏறும். இதைச் சீனத்தில் ஹுய்கான் என்கிறார்கள். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் என்ன நடக்கிறதோ அதேதான். யீவூவில் இந்த இனிப்பு நாக்கின் நுனியில் வருவதைவிடத் தொண்டைக்குழியில் வருவதே விசேஷம். குடித்துவிட்டு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விட்டுப் பாருங்கள். தேன் மணம் உள்ளிருந்து மேலே வரும். நல்ல தேநீரில் பத்து நிமிடம் கழித்தும் அது லேசாக இருக்கும். ஒரு யீவூவை இன்னொரு யீவூவோடு ஒப்பிட நான் பார்ப்பது முதலில் இதைத்தான். மணம், நிறம் எல்லாம் அப்புறம்.

மணத்தை மூன்று இடங்களில் பிடிக்கலாம். சுடுநீர் பட்ட இலையில், மூடியின் அடியில், குடித்து முடித்த காலிக் கோப்பையில். காலிக் கோப்பையை ஆறவிட்டு முகருங்கள். சர்க்கரைப் பாகு காய்ந்த மணம் வந்தால் நல்ல அறிகுறி. மேலெழுந்தவாரியான பூ மணம் சட்டென்று தூக்கலாக வந்து இரண்டாவது ஊற்றலிலேயே காணாமல் போனால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

வடித்த தேநீரின் கனத்தையும் பாருங்கள். அரிசிக் கஞ்சித் தெளிவுக்கும் வெறும் வெந்நீருக்கும் வாயில் இருக்கும் வேறுபாடு உங்களுக்குத் தெரியும்தானே, அதைத்தான் சொல்கிறேன். இலையில் சத்து இருந்தால் சுவை மங்கிய எட்டாவது, ஒன்பதாவது ஊற்றலிலும் தேநீர் மெல்லியதாகிவிடாது, இனிப்பாகவே முடியும்.

உடம்பில் ஒரு வெதுவெதுப்பு, முதுகில் லேசான வியர்வை, ஒரு தெளிவு என்று 'சா சி', அதாவது தேநீரின் ஆற்றல் பற்றி நிறையப் பேசுவார்கள். வெந்நீரும் காஃபினும் சேர்ந்தால் யாருக்கும் ஏதாவது ஆகும். ஆரம்பத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

போடும் விதம்

கைவான் என்ற மூடிக் கிண்ணம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சின்னப் பீங்கான் கப்பும் அதை மூட ஒரு சாசரும் போதும். 100 மில்லிக்கு 5 முதல் 6 கிராம் இலை. தண்ணீர் கொதிக்க வேண்டும். முதல் தண்ணீரை ஊற்றியவுடன் வடித்துக் கொட்டிவிடுங்கள், அழுத்திய இலை அவிழ அது உதவும். இரண்டாவது ஊற்றலிலிருந்து குடிக்கலாம். ஐந்தாறு விநாடியில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் பத்துத் தடவைக்கு மேல் தாங்கும். பால், சர்க்கரை இரண்டும் வேண்டாம். வட்டை உடைக்கும்போது ஓரத்திலிருந்து கூரான கம்பியால் நெம்பி அடுக்கடுக்காக எடுங்கள். சுத்தியல் வேலை பார்த்தால் தூள்தான் மிஞ்சும், தூள் கசக்கும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். உப்பு ஏறிய போர் தண்ணீரில் யீவூவின் தொண்டை இனிப்பு சுத்தமாகச் செத்துப்போகும். ஆர்.ஓ. தண்ணீர் சில வீடுகளில் ஒன்றுமே இல்லாமல் இருக்கும், அதில் தேநீர் தட்டையாக வரும். கேன் தண்ணீரில் ஒருமுறை, வீட்டுத் தண்ணீரில் ஒருமுறை போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் இலையின் மேல் போடும் பழி தண்ணீருக்குச் சேர வேண்டியது.

இளம் ஷெங்கை வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். வயிற்றைப் பிசையும். ஏதாவது சாப்பிட்ட பிறகு, அதுவும் மாலைக்கு முன்பே குடித்துவிடுவது தூக்கத்துக்கும் நல்லது.

வாங்கும்போது

முதல் விதி: முழு வட்டு வாங்காதீர்கள். ஷெங் விற்கும் கடைகளில் பெரும்பாலானவை 25 கிராம் மாதிரிப் பொட்டலம் தருகின்றன. ஒரே வருடத்து யீவூ இரண்டு, ஒப்பிடுவதற்கு மெங்ஹாய்ப் பக்கத்தது ஒன்று என்று மூன்று வாங்குங்கள். தனியாக ஒன்றைக் குடித்தால் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் நாக்கு பேசும். கொஞ்சம் கடுமையாகவும் சோதிக்கலாம். மூன்று கிராம் இலையை 150 மில்லி கொதிநீரில் ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். குறுகிய ஊற்றலில் ஒளிந்திருந்த புகை வாசனை, புளிப்பு, வறட்டுத் துவர்ப்பு எல்லாம் வெளியே வந்துவிடும்.

உறையில் இருக்கும் கிராமப் பெயரை மட்டும் வைத்துக் காசு கொடுக்காதீர்கள். போஹேதாங் போன்ற சின்ன இடங்களின் பெரிய மரத்து வசந்தகால இலை, மலையிலேயே கிலோவுக்குப் பல ஆயிரம் யுவான் விலை போகிறது. 357 கிராம் வட்டு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்து அதில் 'போஹேதாங்' என்று எழுதியிருந்தால், கணக்குப் போட்டாலே விஷயம் விளங்கிவிடும். கிராமத்தை உறுதிசெய்யும் முத்திரை எதுவும் உறையில் இல்லை. 'யீவூ' என்று மட்டும் போட்டு, பல கிராமத்து இலைகளைக் கலந்து, நியாயமான விலைக்கு விற்கும் வட்டு ஆரம்பத்துக்கு எவ்வளவோ மேல்.

மரத்தின் வயதும் அப்படியே. பழைய மரத்து இலையை 'குஷு' என்பார்கள். 300 வருடம், 500 வருடம், 800 வருடம் என்று எண் ஏறிக்கொண்டே போகும். தேயிலை மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் வயது சொல்ல முடியாது. யீவூவில் 1980-களில் விளைச்சலுக்காகப் பல பழைய மரங்களைத் தாழ வெட்டிவிட்டார்கள். வேர் பழசு, மேலே கிளை புதுசு. அதற்கு என்ன எண் போடுவது? பழைய மரத்து இலைக்கும் நெருக்கி நட்ட வரிசைத் தோட்டத்து இலைக்கும் வாயில் வேறுபாடு உண்டு என்பது உண்மை. பழைய மரத்துத் தேநீர் ஆழமாகப் போகும், நிறைய ஊற்றல் தாங்கும். அதை வாயால் சோதிக்கலாமே தவிர, எண்ணுக்கு விலை கொடுக்கத் தேவையில்லை.

பருவம் பார்க்கலாம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பறிப்பது வசந்தகால இலை. கனமும் அதிகம், விலையும் அதிகம். மழைக்காலத்து இலை நீர்த்துப்போகும். மழை ஓய்ந்தபின் இலையுதிர்காலத்தில் வருவது மணமாக இருக்கும், தேநீரின் கனம் கொஞ்சம் குறைவு, விலையும் குறைவு. கற்றுக்கொள்வதற்கு யீவூவின் இலையுதிர்கால வட்டு நல்ல தேர்வு. இன்னொன்று ஹுவாங்பியன். வட்டு அழுத்துவதற்கு முன் பொறுக்கி ஒதுக்கும் முற்றின, மஞ்சளான பெரிய இலைகள். பார்க்க அழகிருக்காது, பலமும் இருக்காது. ஆனால் இனிப்பாக இருக்கும், விலை மலிவு, அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தும் குடிக்கலாம். மலையில் விளைவிக்கிறவர்கள் வீட்டில் குடிப்பது இதைத்தான் என்று சொன்னால் நம்பலாம், நல்ல இலையெல்லாம் விலைக்குப் போய்விடுகிறதே.

பதப்படுத்தலில் இரண்டு சூழ்ச்சிகள் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம். ஒன்று, சட்டிச் சூட்டை அளவுக்கு மீறி ஏற்றுவது. நொதிகள் முழுக்க அடங்கி, இலை கிரீன் டீக்கு நெருக்கமாகிவிடும். புதிதில் மணம் கமகமக்கும், துவர்ப்பு குறைவாக இருக்கும், ஆளை மயக்கும். சில வருடத்தில் வெறுமையாகிவிடும். இரண்டாவது, இதற்கு நேர் எதிர். இலையை நெடுநேரம் வாடவிட்டு அரைகுறையாகச் சிவக்கவைப்பது. தேநீர் முதல் வருடத்திலேயே ஆரஞ்சு நிறமாக, இனிப்பாக இருக்கும். வயதான வட்டு என்று தோன்றும். அதுவும் நாளடைவில் மெலிந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? குடித்து முடித்த இலையை ஒரு தட்டில் விரித்துப் போட்டுப் பாருங்கள். இளம் ஷெங்கின் இலை ஆலிவ் பச்சையாக, தொட்டால் மிருதுவாக, காம்போடு முழுசாக இருக்க வேண்டும். காம்பிலும் ஓரத்திலும் அங்கங்கே சிவப்பு தெரிந்தால் யீவூவில் சகஜம். காட்டிலிருந்து இலை நெடுந்தூரம் சுமந்து வரப்படுகிறது என்று சொன்னேனே, அதுதான். இலை முழுக்கவே செம்பு நிறமாக இருந்தால் யோசிக்க வேண்டும். கரும்புள்ளிகள் இருந்தால் சட்டியில் கருகியது, அதனால்தான் புகைச்சல்.

உறையில் இருக்கும் தேதி வட்டு அழுத்திய தேதியாக இருக்கலாம், இலை பறித்த வருடம் வேறாக இருக்கலாம். விற்பவரிடம் இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே கடையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு

புது வட்டு பயணத்தில் களைத்துப்போய் வரும். பிரித்தவுடன் தீர்ப்பு எழுதாமல் இரண்டு மூன்று வாரம் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். வைக்கும் இடம்தான் நம் ஊரில் சிக்கல். தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். சமையலறை, பூஜை அலமாரி, பீரோவில் பாச்சை உருண்டை இருக்கும் தட்டு, மூன்றுமே ஆகாது. வெயில் படாத, வாசனையில்லாத அட்டைப்பெட்டி அல்லது மண்பானை போதும். காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம்வரை இருந்தால் வட்டு நன்றாக வயதாகும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அதைத் தாண்டிப் போகும், பூஞ்சை பிடித்துவிடும். அந்த மாதங்களில் வட்டை இறுக்கமாக மூடும் பையில் போட்டு வைத்துவிட்டு, வெயில் வந்ததும் மறுபடி எடுத்துவிடலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். ஈரத் துணி வாசனை லேசாக வந்தாலே இடம் மாற்ற வேண்டும்.

மலேசியாவில் உறவினர் இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கோலாலம்பூரில் சீனர்கள் பல பத்தாண்டுகளாக பூஅர் சேமித்து வருகிறார்கள். அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் ஷெங் வேகமாக வயதாகிறது. யுன்னான் தலைநகர் குன்மிங்கின் வறண்ட குளிரில் பத்து வருடம் இருந்த யீவூவும் கோலாலம்பூரில் பத்து வருடம் இருந்த யீவூவும் கோப்பையில் வேறு வேறு தேநீர். ஊருக்கு வருகிறவர்களிடம் ஒரு மாதிரிப் பொட்டலம் வாங்கிவரச் சொல்லி, உங்கள் இளம் யீவூவுக்குப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். நிறம் செந்தேன்போல மாறியிருக்கும், கசப்பு பெரும்பாலும் கரைந்திருக்கும். தொண்டையில் அந்த இனிப்பு இன்னும் ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.